பின்னச் சமன்பாடுகளும் பொதுப் பகுதியும்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் அமைந்த வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் ஆகிய ஊர்களிலும், அவற்றிற்குத் தெற்கே மலைமேல் உள்ள மூணாறு, தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு ஆகிய இடங்களிலும் தமிழும் மலையாளமும் நெடுங்காலமாக அருகருகே வழங்கி வருகின்றன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் கேரள மாநிலம் அமைந்தபோது இவ்வெல்லைப் பிரதேசங்கள் அதனுள் அடங்கின. 1972 ஜனவரி 26-இல் இடுக்கி தனி மாவட்டமாயிற்று. இங்குத் தமிழ்வழிப் பள்ளிகளும் மலையாளவழிப் பள்ளிகளும் உள்ளன. ஒரே தெருவில் வாழும் இரு குழந்தைகள் இரு மொழிகளில் கணிதம் பயில்வது இங்கு இயல்பான காட்சியாகும்.

எனினும், பின்னங்களைப் பொறுத்தவரை இவ்விரு குழந்தைகளும் ஏறத்தாழ ஒரே சொற்களையே வீட்டிலிருந்து கொண்டு வருகின்றனர். கால், அரை, முக்கால், மா, காணி, முந்திரி என்னும் பின்னப் பெயர்கள் சிறிதளவே ஒலி வேறுபட்டு இரு மொழிகளுக்கும் பொதுவாக உள்ளன. இப்பெயர்களுள்ளேயே, இன்றைய இயற்கணிதத்தில் 'பொதுப் பகுதி' என வழங்கும் கருத்து பொதிந்து கிடக்கிறது. அதனைத் தொடக்கமாகக் கொண்டு, பின்னங்கள் அடங்கிய சமன்பாடுகளைத் தீர்க்கும் முறையையும், அம்முறை எக்காரணத்தால் சரியாகிறது என்பதையும், அதில் நிகழும் பிழைகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மாகாணி கற்பிக்கும் பாடம்

பின்னத்தில் கோட்டின் மேலுள்ள எண் தொகுதி. கீழுள்ள எண் பகுதி. ஒரு முழுமையை எத்தனை சமபங்குகளாகப் பிரித்தோம் என்பதைப் பகுதி கூறுகிறது. அவற்றுள் எத்தனை பங்குகளை எடுத்துக்கொண்டோம் என்பதைத் தொகுதி கூறுகிறது.

திண்ணைப் பள்ளிகளில் மாணாக்கர் மனப்பாடம் செய்த எண்சுவடியில் கீழ்வாயிலக்கம் என்னும் பின்ன வரிசை இடம்பெற்றிருந்தது. அதன் முக்கிய உறுப்புகள் வருமாறு:

முந்திரி — 1/320
அரைக்காணி — 1/160 (2 முந்திரி)
காணி — 1/80 (4 முந்திரி)
அரைமா — 1/40 (8 முந்திரி)
மா — 1/20 (16 முந்திரி)
மாகாணி — 1/16 (20 முந்திரி)
அரைக்கால் — 1/8 (40 முந்திரி)
மும்மா — 3/20 (48 முந்திரி)
கால் — 1/4 (80 முந்திரி)
அரை — 1/2 (160 முந்திரி)
முக்கால் — 3/4 (240 முந்திரி)

இவற்றுள் 'மாகாணி' என்னும் சொல்லை மட்டும் நோக்குக. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. அதாவது 1/20-உம் 1/80-உம் சேர்ந்து 1/16 ஆகின்றன. இக்கூட்டலை மாணாக்கன் எவ்வாறு சரிபார்ப்பான்? மா என்பது 16 முந்திரி. காணி என்பது 4 முந்திரி. இரண்டும் சேர்ந்து 20 முந்திரி. 20/320 என்பது 1/16. ஆகவே சொல்லே ஒரு கூட்டற் கணக்காக நிற்கிறது.

பழைய கணக்கர் வெவ்வேறு பின்னங்களைக் கூட்ட நேர்ந்தபோது அவற்றையெல்லாம் ஒரே சிற்றலகுக்குக் கொண்டுவந்தனர். கால், மும்மா, காணி ஆகிய மூன்றையும் கூட்டுவதாயின், 80 + 48 + 4 = 132 முந்திரி என்பது விடை. பகுதிகள் 4, 20, 80 என வேறுபட்டிருந்தபோது கூட்ட இயலாதவை, 320 என்னும் பொதுப் பகுதிக்கு வந்தவுடன் சாதாரண முழுவெண்களைப் போலக் கூடிவிட்டன. பொதுப் பகுதி என்பதன் உட்பொருள் இதுவே: வெவ்வேறு அளவுள்ள பங்குகளை ஒரே அளவுள்ள பங்குகளாக மாற்றிக் கொள்ளுதல்.

2. ஒரே பகுதி எல்லாவற்றிற்கும் போதுமா?

320 எப்பொழுதும் பயன்படுமாயின் வேறு முறை தேட வேண்டியதில்லை. ஆனால் அது போதாது. மூன்றில் ஒரு பங்கை முந்திரியில் கூறுக என்றால், 106 முந்திரியும் மேலும் முந்திரியில் மூன்றில் இரண்டு பங்கும் என்றே கூற முடியும். 320-ஐ 3 மீதியின்றி வகுக்காது என்பதே காரணம்.

நாணயங்களிலும் இதே நிலையைக் காணலாம். 1957 ஏப்ரல் 1-இல் தசம நாணய முறை நடைமுறைக்கு வருமுன் ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை, ஆக ஒரு ரூபாய்க்கு 192 பை. அம்முறையில் மூன்றில் ஒரு ரூபாய் என்பது சரியாக 64 பை, அதாவது 5 அணா 4 பை. ஆனால் ஐந்தில் ஒரு ரூபாயைச் சரியாகக் கூற இயலாது. ரூபாய்க்கு 100 காசு என்னும் இன்றைய முறையில் ஐந்தில் ஒன்று சரியாக 20 காசு; மூன்றில் ஒன்று சரியாக வாராது; எட்டில் ஒன்றும் 12½ காசாகிவிடும்.

320, 192, 100 ஆகிய மூன்றும் தத்தம் காலத்தில் தத்தம் தொழிலுக்கு ஏற்ற பகுதிகளே. எல்லாக் கணக்குக்கும் பொருந்தும் ஒரே பகுதி எதுவும் இல்லை. ஆதலால் ஒவ்வொரு கணக்கிலும் வரும் பகுதிகளை நோக்கி, அவை அனைத்தாலும் மீதியின்றி வகுபடும் எண்ணை அக்கணக்குக்கெனத் தேர்ந்தெடுக்க வேண்டும். அத்தகைய எண்களுள் மிகச் சிறியதே மீச்சிறு பொது மடங்கு. 9-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மகாவீரர் என்னும் சமணக் கணித அறிஞர், தம் 'கணித சார சங்கிரகம்' என்னும் வடமொழி நூலில், பின்னங்களை ஒரே பகுதிக்குக் கொண்டுவர இம்மடங்கைப் பயன்படுத்தும் விதியைக் கூறியுள்ளார்.

3. சமன்பாட்டில் பொதுப் பகுதி

இனிச் சமன்பாட்டுக்கு வருவோம். தெரியாத எண்ணை 'ய' எனக் குறிப்போம்.

கணக்கு: களத்தில் அளந்த நெல்லில் நான்கில் ஒரு பங்கு குத்தகைக்கும், ஆறில் ஒரு பங்கு அறுவடைக் கூலிக்கும் போக, 70 பறை எஞ்சிற்று. களத்தில் இருந்த நெல் எவ்வளவு?

மொத்த நெல் ய பறை எனின்,

ய − ய/4 − ய/6 = 70.

4, 6 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 12. சமன்பாட்டின் இரு புறத்தையும் 12-ஆல் பெருக்குக:

12ய − 3ய − 2ய = 840
7ய = 840
ய = 120.

சரிபார்த்தல்: 120 பறையில் நான்கில் ஒரு பங்கு 30, ஆறில் ஒரு பங்கு 20, எஞ்சியது 70. விடை சரியே.

இரு புறத்தையும் 12-ஆல் பெருக்குதல் எவ்வாறு தகும்? சமன்பாடு என்பது சமமாக நிற்கும் தராசைப் போன்றது. இரு தட்டிலும் உள்ளவற்றைப் பன்னிரண்டு மடங்காக்கினால் தராசு முன்போலவே சமமாக நிற்கும். ஆனால் ஒரு தட்டிலுள்ள ஒரு பொருளையேனும் பெருக்காமல் விட்டால் தராசு சாயும்.

பொது மடங்குகளுள் மிகச் சிறியதைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 24-ஆல் பெருக்கினால் 14ய = 1680 என வரும்; விடை அதே 120. மீச்சிறு மடங்கு உழைப்பைக் குறைக்கிறது, உண்மையை மாற்றுவதில்லை. மீச்சிறு பொது மடங்கு காணத் தடுமாறும் மாணாக்கன், பகுதிகளை ஒன்றோடொன்று பெருக்கி வரும் எண்ணைப் பயன்படுத்தினாலும் அதனைப் பிழையெனக் கருதுதல் கூடாது.

இங்கு ஆசிரியர் ஒரு வேறுபாட்டை ஐயமறக் காட்டுதல் வேண்டும். 1/4 + 1/6 என்னும் கூட்டலில் விடை 5/12. அங்குப் பகுதி நிலைத்து நிற்கிறது. சமன்பாட்டிலோ பகுதி நீங்கிவிடுகிறது. முன்னதில் ஒரு தொகையின் மதிப்பைக் காண்கிறோம். அதனைப் பன்னிரண்டு மடங்காக்க நமக்கு உரிமை இல்லை. பின்னதில் இரு புறம் உள்ளன. இரண்டையும் ஒருசேரப் பெருக்குகிறோம். இவ்வேறுபாட்டை உணராத மாணாக்கர் 1/4 + 1/6 = 5 என எழுதிவிடுவர். சமக்குறிக்கு இரு புறமும் உள்ளதா என்று முதலில் கேட்டுக்கொள்ளும் பழக்கம் இப்பிழையைத் தடுக்கும்.

4. ஏலக்காய் உலர்த்தல்

இடுக்கி மலைகளின் முக்கிய விளைபொருள்களுள் ஏலக்காய் ஒன்று. பாம்பாடும்பாறை, மயிலாடும்பாறை ஆகிய இடங்களில் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையங்கள் உள்ளன. உலர்ந்த காய் இடுக்கியின் புற்றடியிலும், எல்லைக்கு இப்பால் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலும் ஏலத்தில் விற்கப்படுகிறது. பறித்த பச்சைக் காயில் பெரும்பங்கு நீரே ஆகும். உலர்த்தும் கூடத்தில் அந்நீரை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கின்றனர்.

கணக்கு: பச்சைக் காயின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு நீர், உலர்ந்த காயின் எடையில் பத்தில் ஒரு பங்கு நீர். 100 கிலோ பச்சைக் காயிலிருந்து எத்தனை கிலோ உலர்ந்த காய் கிடைக்கும்?

இக்கணக்கில் பலர் பின்வருமாறு தவறுவர்: "நீர் 4/5-இலிருந்து 1/10-க்குக் குறைகிறது. 4/5 − 1/10 = 8/10 − 1/10 = 7/10. எனவே 70 கிலோ குறையும். 30 கிலோ கிடைக்கும்."

பொதுப் பகுதி கண்டதிலும் கழித்ததிலும் இங்குப் பிழை இல்லை. ஆயினும் விடை தவறு. 4/5 என்பது பச்சைக் காயின் எடையில் ஒரு பங்கு. 1/10 என்பது உலர்ந்த காயின் எடையில் ஒரு பங்கு. முழுமைகள் வேறானபோது அவற்றின் பங்குகளை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கலாகாது. பகுதிகள் ஒன்றாதல் மட்டும் போதாது. முழுமையும் ஒன்றாதல் வேண்டும்.

சரியான வழி, மாறாத பொருளைப் பற்றிக்கொள்வதாகும். உலர்த்தும்போது நீங்குவது நீர் மட்டுமே எனக் கொண்டால், நீர் தவிர்ந்த திடப்பொருள் மாறாது. பச்சைக் காயில் திடப்பொருள் 100-இல் ஐந்தில் ஒரு பங்கு. உலர்ந்த காய் ய கிலோ எனின் அதில் திடப்பொருள் பத்தில் ஒன்பது பங்கு. எனவே,

9ய/10 = 100/5.

இரு புறத்தையும் 10-ஆல் பெருக்க, 9ய = 200; ய = 22 2/9 கிலோ.

தவறான விடைக்கும் சரியான விடைக்கும் உள்ள வேறுபாடு நூறு கிலோவுக்கு ஏறத்தாழ 8 கிலோ. 30 கிலோ கிடைக்கும் எனக் கள அலுவலர் கூறியதை நம்பி, அந்த அளவுக்கு வணிகரிடம் முன்பணம் பெற்ற சிறு விவசாயி ஒருவரின் நிலையை எண்ணிப் பார்த்தால், இவ்வேறுபாட்டின் கனம் விளங்கும். கணக்குத் தாளில் அது ஒரு மதிப்பெண். விவசாயியின் வீட்டில் அது கடன்.

நீரின் பங்கு சிறிது மாறினும் விளைவு பெரிதும் மாறுவதையும் நோக்குக. ஒரு கிலோ உலர்ந்த காய்க்கு வேண்டும் பச்சைக் காய், நீர் 4/5 எனின் ய/5 = 9/10 என்பதிலிருந்து 4½ கிலோ. நீர் 17/20 எனின் 3ய/20 = 9/10; 20-ஆல் பெருக்க 3ய = 18; ய = 6 கிலோ. நீரின் பங்கு ஒரு மா மட்டுமே கூடிற்று. தேவைப்படும் பச்சைக் காயோ ஒன்றரைக் கிலோ கூடிவிட்டது.

5. அடைப்புக்குறியும் நீர்ப் பங்கீடும்

பரம்பிக்குளம்–ஆழியாறு திட்ட உடன்படிக்கை 1970-இல் தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்டதாகும். 1958 முதல் நடைமுறைக்கு வந்ததாக அது கொள்ளப்படுகிறது. அதன்படி ஒவ்வொரு நீராண்டிலும், அதாவது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை, மணக்கடவு அணைக்கட்டில் 7¼ ஆயிரம் மில்லியன் கன அடி நீர் சித்தூர்ப் பள்ளத்தாக்குக்கு வழங்கப்பட வேண்டும். நம் வழக்கில் கூறின் இது 725 கோடி கன அடி.

நடைமுறையில் வழங்கும் அளவு பயிரின் தேவையையும் பருவத்தையும் பொறுத்து மாறும். பயிற்சிக்காக மட்டும், எல்லா மாதங்களிலும் சராசரி ஒன்றே எனக் கொள்வோம். அவ்வாறாயின், ஜூலை முதல் ஜனவரி முடிய ஏழு மாதங்களில் வழங்கப்படும் நீர் எவ்வளவு?

அது ய எனின், எஞ்சிய ஐந்து மாதங்களுக்கு உரியது 29/4 − ய. ஆகவே,

ய/7 = (29/4 − ய)/5.

7, 4, 5 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 140. இரு புறத்தையும் அதனால் பெருக்க,

20ய = 28(29/4 − ய)
20ய = 203 − 28ய
48ய = 203
ய = 203/48 = 4 11/48.

அதாவது நாலேகாலுக்குச் சற்றுக் குறைவு. 7¼-இல் பன்னிரண்டில் ஏழு பங்கு என நேரே கணக்கிட்டாலும் இதுவே வரும்.

வலப்புறத்தில் 28 என்னும் எண் அடைப்புக்குறிக்குள் உள்ள இரு உறுப்புகளையும் பெருக்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னக் கோடு தானே ஓர் அடைப்புக்குறியாகும். கோட்டை நீக்கும்போது அடைப்புக்குறியை எழுதாமல் விடுவதாலேயே குறிப்பிழைகள் மிகுதியாக நேர்கின்றன.

6. தெரியாத எண் பகுதியில் வரும்போது

60 கிலோமீட்டர் நீளமுள்ள மலைப்பாதையில் ஏறிய வேகத்தைப் போல ஒன்றரை மடங்கு வேகத்தில் ஒரு லாரி இறங்குகிறது. ஏறி இறங்க மொத்தம் 5 மணி நேரம் ஆயிற்று. ஏறிய வேகம் யாது?

ஏறிய வேகம் மணிக்கு ய கிலோமீட்டர். இறங்கிய வேகம் 3ய/2. நேரம் என்பது தூரத்தை வேகத்தால் வகுத்தது. ஆதலால்,

60/ய + 120/3ய = 5.

ய, 3ய ஆகியவற்றின் பொது மடங்கு 3ய. அதனால் பெருக்க,

180 + 120 = 15ய
ய = 20.

ஏறிய வேகம் 20. இறங்கிய வேகம் 30. ஏற 3 மணி, இறங்க 2 மணி. மொத்தம் 5 மணி. சராசரி வேகம் 120/5 = 24. இது 20, 30 ஆகியவற்றின் நடுவெண்ணாகிய 25 அன்று என்பதையும் வகுப்பில் எடுத்துக் காட்டலாம். மெதுவாகச் சென்ற நேரம் அதிகமாதலின் சராசரி அதன் பக்கம் சாய்கிறது.

தெரியாத எண் பகுதியில் வரும்போது ஓர் எச்சரிக்கை தேவை. பின்வரும் சமன்பாட்டைக் காண்க:

ய/(ய − 3) = 3/(ய − 3) + 2.

இரு புறத்தையும் (ய − 3)-ஆல் பெருக்க, ய = 3 + 2(ய − 3); அதாவது ய = 2ய − 3; எனவே ய = 3. ஆனால் ய = 3 எனின் பகுதியாகிய ய − 3 சுழியாகிவிடுகிறது. சுழியால் வகுத்தலுக்குப் பொருள் இல்லை. ஆகையால் இச்சமன்பாட்டுக்குத் தீர்வு இல்லை.

ஒவ்வொரு படியும் சரியாக இருக்க, பொய்யான விடை எங்கிருந்து வந்தது? தராசின் இரு தட்டையும் சுழியால் பெருக்கினால் இரண்டும் வெறுமையாகிச் சமமாக நிற்கும்; முன்பு சமமாக இருந்தனவா என்பது அதனால் தெரியாது. 5 = 7 என்பது பொய். இரு புறத்தையும் சுழியால் பெருக்கினால் 0 = 0 என மெய்யாகிவிடும். எனவே, பகுதியைச் சுழியாக்கும் எண்களைத் தொடக்கத்திலேயே குறித்துக்கொண்டு, கிடைத்த விடை அவற்றுள் ஒன்றா என இறுதியில் பார்த்தல் வேண்டும்.

7. வகுப்பில் கவனிக்க வேண்டியவை

முதலாவது, பின்னமில்லாத உறுப்பைப் பெருக்காமல் விடும் பிழை. நெற்கணக்கில் 12ய − 3ய − 2ய = 70 என எழுதிய மாணாக்கனுக்கு ய = 10 எனக் கிடைக்கும். அவனைக் கண்டிப்பதினும், 10 பறையிலிருந்து குத்தகையும் கூலியும் போக 70 பறை எஞ்சுமா என்று கேட்பது நன்று. பிழையை அவனே காண்பான்.

இரண்டாவது, விடையைச் சமன்பாட்டில் மட்டுமன்றிக் கணக்கின் சொற்களிலும் இட்டுச் சரிபார்த்தல் வேண்டும். சமன்பாட்டையே தவறாக அமைத்திருப்பின், அதில் இட்டுப் பார்ப்பது அப்பிழையைக் காட்டாது. ஏலக்காய்க் கணக்கு இதற்குத் தக்க சான்று. 30 கிலோவில் பத்தில் ஒன்பது பங்கு 27 கிலோ. பச்சைக் காயில் இருந்த திடப்பொருளோ 20 கிலோ. இல்லாத 7 கிலோ எங்கிருந்து வந்தது என்ற ஒரு வினாவே போதும்.

மூன்றாவது, எல்லைப் பிரதேசக் குழந்தை வீட்டில் கேட்கும் கால், அரை, முக்கால், அரைக்கால் ஆகிய சொற்களை ஆசிரியர் புறக்கணித்தல் ஆகாது. தமிழ்வழி மாணாக்கனும் மலையாளவழி மாணாக்கனும் ஒரே பலகையின் முன் அமர்ந்து விளங்கிக்கொள்ளக்கூடிய பாடம் இது. பழைய பின்னக் குறியீடுகள் கணிப்பொறிக்கான ஒருங்குறித் தரத்திலும் இடம்பெற்றுவிட்டன. மலையாளக் குறிகளுள் பல 2016-இலும், தமிழ்க் குறிகள் 2019-இலும் அதில் சேர்க்கப்பட்டன.

பயிற்சிகள்

1. ய/3 + ய/5 = 16.
2. (ய − 1)/2 − (ய − 3)/4 = 3.
3. விளைந்த நெல்லில் கால் பங்கும் மும்மாப் பங்கும் போக 48 பறை எஞ்சின. விளைந்தது எவ்வளவு?
4. எடையில் முக்கால் பங்கு நீருள்ள பச்சைத் தேயிலையை, 3/100 பங்கு நீருள்ள தூளாக்குகின்றனர். ஒரு கிலோ தூளுக்குப் பச்சை இலை எவ்வளவு வேண்டும்?
5. 8/ய + 5/2ய = 7/4.
6. 2ய/(ய − 4) = 8/(ய − 4) + 1.

விடைகள்: (1) 30. (2) 11. (3) 80 பறை. (4) 3 22/25 கிலோ. (5) 6. (6) தீர்வு இல்லை; ய = 4 எனக் கிடைப்பது பகுதியைச் சுழியாக்கும்.

மூன்றாம் பயிற்சியை முதலில் முந்திரிக் கணக்காலும் பின்னர்ச் சமன்பாட்டாலும் செய்வித்தல் நலம். கால் 80, மும்மா 48, ஆக 128 முந்திரி போக எஞ்சியது 192 முந்திரி; அது 48 பறை எனின், 4 முந்திரிக்கு ஒரு பறை; 320 முந்திரிக்கு 80 பறை. இரு வழியும் ஒரே விடையில் வந்து சேர்வதைக் காணும் மாணாக்கன், பொதுப் பகுதி என்பது தன் ஊர்க் கணக்கர் முன்பே கையாண்ட வழியே என்பதை உணர்வான்.